அடைத்த கடைகளும் அவசர மருந்தும்

நோயும் பேயும் இரவில்தான் வரும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கூறுவார்கள். பேயைப் பற்றி எனக்குத் தெரியாது. நோய் எந்த நேரத்திலும் வரும். இரவில் வந்தால் நமக்குத் துணை குறைவு. ஆகவே அது நன்றாக நினைவில் நிற்கிறது. மருந்துக் கடைகள் அடைத்துக் கிடக்கும் நேரத்தில் மருந்துக்கு என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதை எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. அந்த நேரத்தில் செய்யக் கூடாதவை அனைத்தையும் ஒரே நாளில் செய்தவன் நான்.

2023-ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 12-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று வந்தது. மறுநாள் திங்களும் அரசு விடுமுறை. என் தம்பிக்குச் சிறு வயது முதல் வலிப்பு நோய் உண்டு. காலை ஒன்று, இரவு ஒன்று எனச் சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிட்டு வருகிறான். அதைச் சாப்பிடத் தொடங்கிய பிறகு மூன்று ஆண்டுகளாக அவனுக்கு வலிப்பு வந்ததே இல்லை. வராத நோயை வீட்டார் மறந்துவிடுவது இயற்கை. சனிக்கிழமை காலையில், "அட்டையில ரெண்டுதான் இருக்கு, டவுனுக்குப் போறப்ப வாங்கிட்டு வந்துடு" என்று அம்மா என்னிடம் சொன்னார். நான் டவுனுக்குப் போனேன். பட்டாசு வாங்கினேன். அப்பாவுக்கு வேட்டி வாங்கினேன். மருந்துக் கடையில் கூட்டம் நெரிந்தது. நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். நாளை தீபாவளி என்பது பட்டாசுப் பையைச் சுமந்திருந்த எனக்கு எப்படி மறந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.

ஞாயிறு காலை நான்கு மணிக்கு எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரம் தின்று முடித்த பிறகுதான் மாத்திரை இல்லை என்பது தெரிந்தது. ஒன்பது கிலோமீட்டர் தூரத்திலுள்ள வட்டத் தலைநகருக்குப் பெரியப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவ்வூரில் மொத்தம் பதினொரு மருந்துக் கடைகள். பத்துக் கடைகள் அடைத்திருந்தன. பேருந்து நிலையத்தின் அருகில் ஒன்று மட்டும் பாதிக் கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்தவர் மருந்தாளுநர் அல்லர். என்னைவிட இளைய பையன். நான் கொண்டு போயிருந்தது மருத்துவரின் சீட்டு அன்று, தீர்ந்துபோன அட்டையின் ஒரு துண்டு. மாத்திரை எடுக்கும்போதெல்லாம் கத்தரியால் நறுக்கி நறுக்கி, மருந்தின் பெயர் இருந்த பக்கம் எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. எஞ்சிய துண்டில் பெயரின் கடைசி இரண்டெழுத்தும் 500 என்ற எண்ணும் மட்டும் இருந்தன.

"என்ன மாத்திரைன்னு தெரியலையே அண்ணே. வலிப்புக்குத்தானே? இதுவும் வலிப்புக்குத்தான் குடுப்பாங்க" என்று அவன் வேறோர் அட்டையை எடுத்து நீட்டினான். ஏதோ ஓர் அச்சம் தடுத்தது, வாங்கவில்லை. அந்த ஒன்றைத்தான் அன்று நான் சரியாகச் செய்தேன் என்று பின்னர் மருத்துவர் கூறினார். மற்றக் கடைகளின் கதவுகளை ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு நாள்தானே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீடு திரும்பினேன். கடை தேடி அலைந்த அந்த வழியில் அரசு மருத்துவமனையின் வாயிலை நான் இரண்டு முறை கடந்து சென்றேன். உள்ளே போய்க் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றிரவு ஒரு மணி தாண்டியதும் தம்பிக்கு வலிப்பு வந்தது. அக்கம்பக்கத்தார் கூடிவிட்டனர். ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் பல்லிடையே கரண்டிக் காம்பைச் செருகச் சொன்னார். மூன்று நிமிடங்களில் உதறல் நின்றது. ஆனால் நினைவு திரும்பவில்லை. 108-க்குத் தொலைபேசி செய்தோம். வண்டி வர இருபத்தைந்து நிமிடம். வண்டிக்குள்ளேயே இரண்டாம் முறை வலிப்புத் தொடங்கியது. நான் பகலில் இரண்டு முறை கடந்து சென்ற அதே வாயில் வழியாக அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினோம். பணி மருத்துவர் நரம்பு வழியே ஊசி போட்டார். சிறிது நேரத்தில் உடல் தளர்ந்து தூங்கினான்.

விடியும் தறுவாயில் செவிலியர் அக்கா, நடந்ததை என்னிடம் கேட்டறிந்து சொன்ன சொற்கள் இவை: "பகல்லயே வந்து கேட்டிருந்தா ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுத்து அனுப்பியிருப்போமே தம்பி. ஓ.பி. லீவுன்னா என்ன, கேஷுவாலிட்டிக்கு ஏது லீவு?"

அப்பா என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

இதன் பிறகுதான், வேதியியல் துறைப் பேராசிரியர் ஒருவரின் தூண்டுதலால், இப்பொருளைச் சற்று முறையாகப் படிக்கத் தொடங்கினேன். படித்ததிலும் கேட்டதிலும் சிலவற்றைத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எந்த மருந்து காத்திருக்கும்?

"ஒரு நாள்தானே" என்றேன் அல்லவா? சில மருந்துகளுக்கு அது உண்மை. சிலவற்றுக்கு ஆபத்தான பொய். இந்த வேறுபாட்டை விளக்கும் கணக்கை நாம் இரண்டாம் ஆண்டிலேயே கரும்பலகையில் போட்டிருக்கிறோம். கதிரியக்கத் தனிமம் பாதியாகக் குறைய ஆகும் காலத்தை அரை வாழ்வுக் காலம் என்கிறோம். உடலில் உள்ள மருந்துக்கும் பெரும்பாலும் அதே முதல் வகை வினையின் கணக்குத்தான். கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தைச் சிறிது சிறிதாக வெளியேற்ற, இரத்தத்திலுள்ள அளவு ஒரு குறிப்பிட்ட காலத்தில் பாதியாகிறது. அதே காலம் மீண்டும் சென்றால் கால் பங்காகிறது.

வால்ப்ரோயேட்டின் அரை வாழ்வுக் காலம் ஏறத்தாழ 9 முதல் 16 மணி. நடுவில் 14 மணி என்று வைத்துக்கொள்வோம். தம்பி கடைசி மாத்திரையைச் சனிக்கிழமை இரவு 9 மணிக்குப் போட்டான். வலிப்பு வந்தது ஞாயிறு நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு. இடையே 28 மணி. அதாவது இரண்டு அரை வாழ்வுகள். அவன் இரத்தத்தில் இருந்த மருந்து கால் பங்குக்கு இறங்கியிருக்க வேண்டும். அவன் சாப்பிட்டது மருந்தை மெல்ல மெல்ல விடுவிக்கும் வகை மாத்திரை என்பதால் கணக்குச் சிறிது மாறலாம், பெரிதாக மாறாது. இத்துடன் நான்கு மணிக்கு எழுந்ததால் தூக்கமும் கெட்டது. தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. தேர்வுத் தாளில் இக்கணக்கு வந்திருந்தால் ஐந்து மதிப்பெண்ணும் வாங்கியிருப்பேன்.

இதனோடு வேறு சில மருந்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இரத்தக் கொதிப்புக்குத் தரும் அம்லோடிபினுக்கு அரை வாழ்வு 30 முதல் 50 மணி. தைராய்டு குறைவுக்குக் கொடுக்கும் லெவோதைராக்சினுக்கு ஏறத்தாழ ஒரு வாரம். என் அத்தை தைராய்டு மாத்திரை ஒரு நாள் விட்டுப்போனால் வீட்டையே இரண்டாக்கிவிடுவார். உண்மையில் அந்த மாத்திரை மறுநாள் கடை திறக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கும்.

அரை வாழ்வு மட்டுமே அளவுகோல் என்றும் எண்ணிவிடக் கூடாது. மருந்து இல்லாதபோது உடல் என்ன செய்கிறது என்பதே முக்கியம். முதல் வகை நீரிழிவு உள்ளவரின் உடலில் இன்சுலின் சுரப்பதே இல்லை. அவருக்கு ஊசி நின்றால் ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் அமிலப் பொருள்கள் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். நீண்ட காலம் பிரெட்னிசலோன் சாப்பிட்டவருக்கு அட்ரீனல் சுரப்பி உறங்கிக் கிடக்கும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடல் தன் தேவைக்குச் சுரந்துகொள்ள முடியாது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களின் மருந்தும் இவ்வகையே. நெஞ்சுவலிக்காகத் தரும் அடினலால், மெட்டோபுரலால் போன்றவற்றையும் சட்டென நிறுத்தக் கூடாது. இந்த மருந்துகளுள் ஒன்றேனும் உங்கள் வீட்டில் இருக்குமானால், அட்டையில் எத்தனை மீதி என்பது உங்களுக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, கடையைத் தேடவே கூடாத அவசரங்கள் சில உண்டு. பாம்பு கடித்தால் மருந்துக் கடை எதற்கு? நஞ்சுமுறி மருந்து மருத்துவமனையில் மருத்துவர் முன்னிலையில் மட்டுமே ஏற்றத்தக்கது. ஒவ்வாமை ஏற்பட்டால் அதற்கும் அங்கேயே மருத்துவம் செய்ய வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்துதான் நம் நாட்டில் வழங்குகிறது. ஆகவே பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு வரவேண்டிய தேவையும் இல்லை. (அந்த மருந்துக்கான நஞ்சைப் பாம்புகளிடமிருந்து எடுத்துத் தருவதில் பெரும் பங்கு, 1978-ஆம் ஆண்டு செங்கற்பட்டுப் பகுதியில் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினுடையது. படிப்பு வாசனை இல்லாதவர்கள் என்று நாம் எண்ணும் மக்கள் நம் உயிரைக் காக்கிறார்கள்.) நாய் கடித்தாலும் அப்படியே. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே விலையின்றிக் கிடைக்கிறது.

வயிற்றுப்போக்குக்கோ கடையே தேவையில்லை. ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு சமத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுத்தால் போதும். 1971-ஆம் ஆண்டு வங்காளப் போரின்போது, எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலநாபிசு என்பவர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரையே குடிக்கக் கொடுக்கச் செய்து ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். மருந்து தீர்ந்துபோன இடத்தில்தான் அந்த எளிய மருந்தின் பெருமை உலகுக்குத் தெரிந்தது.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. உறிஞ்சும் சால்பியூட்டமால் குப்பியில் பொதுவாக 200 அழுத்தல்கள் உண்டு. அவை தீர்ந்த பிறகும் குப்பி 'புஸ்' என்று சத்தம் போடும். ஆனால் வருவது வெறும் வாயுவே. நள்ளிரவில் இதைக் கண்டுபிடிப்பவர் பலர். எண்காட்டி இல்லாத குப்பியானால் தொடங்கிய தேதியை அதன்மேல் எழுதிவைப்பது நல்லது. குழந்தைகளுக்கு மருந்து சரியாக நுரையீரலுக்குள் போக ஓர் இடைக்குழாய் வேண்டும். அது கையில் இல்லையெனில், 500 மில்லி பிளாஸ்டிக் குடிநீர்ப் போத்தலின் அடியில் குப்பியின் வாய் அளவுக்குத் துளையிட்டுப் பயன்படுத்தலாம். கடையில் விற்கும் இடைக்குழாய்க்கு அது குறைந்ததன்று என்று 1999-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் ஆய்ந்து காட்டினர். ஆனால் பேச இயலாத அளவுக்கு மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ போத்தலைத் தேடிக்கொண்டிராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கடைக்காரர்மீது எனக்கு இருந்த கோபம், சட்டத்தைப் படித்த பிறகு பாதி குறைந்தது. மருந்து விற்பனையை 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டமும், அதன்கீழ் 1945-இல் வந்த விதிகளும் ஆள்கின்றன. உரிமத்தின் நிபந்தனைகளில் இரவிலும் பண்டிகையிலும் திறந்திருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. இன்னொரு பக்கம், 1948-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதார் மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்கக் கூடாது என்கிறது. அப்படியானால் இரவு முழுவதும் கடை திறக்க வேண்டுமெனில், இரவுக்கென்று இன்னொரு மருந்தாளுநருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இரவில் வரும் ஐந்தாறு பேருக்காகச் சிறு ஊர்க் கடைக்காரர் அதைச் செய்வாரா? பேருந்து நிலையத்துப் பையன் அங்கே தனியாக நின்றதன் காரணமும் இதுவே. அது தவறுதான், தவறு என்று அறிந்தும் அன்று அந்தக் கதவாவது திறந்திருந்ததே என்று நானும்தான் ஓடினேன்.

சீட்டைப் பற்றியும் விதிகளில் சில செய்திகள் உள்ளன. நம்மில் பலர் அறியாதவை. 65-ஆம் விதியின்படி, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து கொடுக்க வேண்டும். மீண்டும் கொடுக்கலாம் என்று மருத்துவரே அதில் எழுதியிருந்தால் மட்டும் அதன்படி கொடுக்கலாம். ஆகவே நாள்பட்ட நோய் உள்ளவர்கள், "இத்தனை மாதத்துக்கு மீண்டும் வழங்கலாம்" என்று சீட்டிலேயே எழுதித் தரும்படி மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சீட்டில் கண்ட மருந்துக்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் மருந்தைக் கடைக்காரர் தாமாக மாற்றித் தரக்கூடாது என்றும் அவ்விதி கூறுகிறது. இதனால், வணிகப் பெயர் மட்டும் எழுதிய சீட்டோடு நடு இரவில் அறியாத ஊரில் நிற்பவர் திண்டாடிப்போவார். மருந்தின் இயற்பெயரையும் சேர்த்து எழுதி வாங்கினால், அந்த வணிகப் பெயர் கிடைக்காத ஊரிலும், மருத்துவமனையிலும் இன்னதென்று உடனே புரிந்துகொள்வார்கள். தூக்க மருந்துகள், சில வலி மருந்துகள், காசநோய் மருந்துகள் முதலியவை எச்-1 என்னும் பட்டியலில் 2014-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் உள்ளன. அவற்றுக்கு மருத்துவர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் அவற்றைக் கேட்டு இரவில் வாதாடுவதில் பயனில்லை.

மருத்துவமனையின் நிலை வேறு. 1989-ஆம் ஆண்டு பரமானந்த் கடாரா வழக்கில், உயிராபத்தில் வருபவருக்கு மருத்துவம் அளிப்பது அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1996-ஆம் ஆண்டு மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கில், அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் மருத்துவம் தர மறுப்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவது என்றது. நம் மாநிலத்தில் 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைத்து வழங்குகிறது. தம்பியின் மாத்திரையும் அந்த வழியில் வருவதே. தட்டிப் பார்த்த பத்துக் கதவுகளுக்கும் பின்னால் இருந்த அதே மருந்து, திறந்திருந்த ஒரு கதவுக்குப் பின்னாலும் இருந்தது.

ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் மகப்பேற்றுக்காக இரவிலும் செவிலியர் இருப்பது நம் மாநிலத்தில் வழக்கம். எல்லா மருந்தும் அங்கே இராது. ஆயினும் எங்கே போக வேண்டும் என்று சொல்லவும், வண்டியை அழைக்கவும் ஒருவர் விழித்திருக்கிறார்.

பிற நாடுகளில்

ஜெர்மனியில் இதற்கொரு முறை உண்டு. 'நோட்டீன்ஸ்ட்' என்று அதற்குப் பெயர். அவசரப் பணி என்று பொருள். ஒவ்வொரு பகுதியிலும் உள்ள மருந்துக் கடைகள் முறை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இரவும் ஒரு கடையாவது விழித்திருக்க வேண்டும். மற்றக் கடைகள் நிம்மதியாக அடைக்கலாம். ஆனால் இன்று எந்தக் கடை முறை என்பதைத் தத்தம் கதவில் எழுதித் தொங்கவிட வேண்டும். முறைக்கடையில் மணியை அழுத்தினால், கதவிலுள்ள சிறு சாளரம் திறக்கும். உள்ளே மருந்தாளுநரே இருப்பார். இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை வருபவர் 2 யூரோ 50 சென்ட் கூடுதலாகத் தர வேண்டும். உண்மையிலேயே அவசரமெனில் மருத்துவர் சீட்டில் 'நோக்டு' என்ற இலத்தீன் சொல்லைக் குறித்துக் கொடுப்பார். 'இரவில்' என்பது அதன் பொருள். அப்போது அந்தத் தொகையைக் காப்பீட்டு நிறுவனமே கொடுத்துவிடும்.

இரவு விழித்திருப்பவருக்கு யார் கூலி கொடுப்பது என்ற கேள்வியை அவர்கள் தட்டிக் கழிக்கவில்லை. 2013-ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்து, நாட்டில் விற்கும் ஒவ்வொரு சீட்டு மருந்துப் பெட்டிக்கும் முதலில் 16 சென்ட் எடுத்து ஒரு நிதியில் சேர்த்தனர். பின்னர் அது 21 சென்ட் ஆயிற்று. அந்நிதியிலிருந்து இரவுப் பணி செய்த கடைகளுக்குப் பணம் போகிறது. பகலில் மருந்து வாங்குபவர் அனைவரும் இரவில் வாங்கப்போகும் ஒருவருக்காகச் சிறிது கொடுக்கிறார்கள்.

இங்கிலாந்தில் வேறொரு வழி. முன்பு மருத்துவர் எழுதிக் கொடுத்துச் சாப்பிட்டு வந்த மருந்து தீர்ந்துபோய், சீட்டு வாங்க இயலாத நிலையில் ஒருவர் வந்தால், மருந்தாளுநரே அவரை விசாரித்து, தேவை உண்மை என்று கண்டால், பெரும்பாலான மருந்துகளை 30 நாள்களுக்கு மிகாமல் கொடுக்கலாம். கட்டுப்பாடுள்ள போதை வகை மருந்துகளுக்குப் பொதுவாக இச்சலுகை இல்லை. வலிப்பு நோயாளியின் பீனோபார்பிட்டோனுக்கு மட்டும் 5 நாள் அளவு கொடுக்க விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். இந்த வரியைப் படித்தபோது நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வலிப்பு மாத்திரை தீர்ந்த வீடு எப்படியிருக்கும் என்று சட்டம் எழுதிய யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

நாங்கள் செய்தவை

வீட்டில் செய்தது எளிது. தம்பியின் ஒரு வாரத்து மாத்திரையைத் தனியே ஒரு டப்பாவில் சேமித்துவைத்தோம். மாதந்தோறும் புது மாத்திரையை அதில் போட்டு, பழையதை எடுத்துச் சாப்பிடுகிறான். இல்லையேல் டப்பாவிலேயே காலாவதி ஆகிவிடும். அட்டையின் பெயரும் தேதியும் இருக்கும் முனையைக் கடைசியாக வெட்டுகிறோம். சீட்டின் நகல் ஒன்று அப்பாவின் பையிலும், படம் ஒன்று எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கிறது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துணி வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. 5 நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ உடனே மருத்துவமனை. இதைப் பக்கத்து வீடுகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். சாவிக்கொத்துக்காரர் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஊரில் செய்தது கடினம். 2024-ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31-இல் வந்தது. மறுநாளும் விடுமுறை விடப்பட்டது. அதற்குப் பத்து நாள் முன்பு நாட்டு நலப்பணித் திட்டத் தோழர்கள் அறுவரும் நானுமாக அந்தப் பதினொரு கடைகளுக்கும் நடந்தோம். ஜெர்மனியின் முறையைச் சொன்னோம். ஒரு கடைக்காரர் சிரித்துவிட்டு, "அங்க கவர்மெண்ட்டு காசு குடுக்குது தம்பி, இங்க யாரு குடுப்பா?" என்றார். நியாயமான கேள்வி, எங்களிடம் விடை இல்லை. இன்னொருவர், இரவில் குடித்துவிட்டு வந்து தூக்க மாத்திரை கேட்டு ஒருவன் கண்ணாடியை உடைத்த கதையைக் கூறி, அந்தத் தழும்பையும் காட்டினார். அவரிடம் நாங்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நான்கு பேர், "பார்க்கலாம்" என்றனர். அச்சொல்லின் பொருள் நமக்குத் தெரியும்.

முடிவில் மூன்று பேர் இசைந்தனர். முழு இரவு இயலாது. பண்டிகை நாளில் காலை 8 முதல் 11 வரை ஒருவர், மாலை 5 முதல் 9 வரை ஒருவர், மறுநாள் ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். மருந்தாளுநர் கடையில் இருப்பார் என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். அதை ஒரு கரும்பலகையில் எழுதிப் பேருந்து நிலையத்திலும், கடைகள் இசைந்த அளவில் அவற்றின் கதவுகளிலும் மாட்டினோம். அதன் கீழே, "இந்த நேரத்தில் இல்லாவிடில் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு, எந்நேரமும்" என்ற வரியை என் கையால் பெரிய எழுத்தில் எழுதினேன்.

தீபாவளியன்று மாலை முறைக்கடையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு மணி நேரத்தில் ஒன்பது பேர் வந்தனர். எழுவர் பட்டாசுச் சூட்டுக்குக் களிம்பு கேட்டு வந்தவர்கள். ஒருவர் இன்சுலின் வாங்கினார். கடைசியாக வந்த ஒரு மூதாட்டி, இடுப்பில் முடிந்திருந்த துணியை அவிழ்த்து, பெயர் வெட்டப்பட்ட அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். மருந்தாளுநர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, "வாங்க ஆத்தா, பெரியாஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு, சீட்டு அங்க பதிஞ்சிருப்பாங்க" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.